பொக்லைன் வருவதற்கு முன்னால்

அன்புள்ள கலை,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. தீபாவளிக்கு அப்புறம் நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. சரி, கணக்கு தீர்ந்தது.

அயோத்தியாபட்டணத்து மனையைச் சுத்தம் பண்ண பொக்லைன் பேசியிருப்பதாக உன் தம்பி சொன்னான். சரோஜா டீச்சர் உன்னை 'அவசரக் குடுக்கை' என்றது சும்மா இல்லை! சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கட்டும், நானே வந்து கூட நிற்கிறேன். கிழக்கு வரப்பில் இடுப்பளவு வளர்ந்திருக்கிற ஆவாரையை மட்டும் தொடவேண்டாம்.

நேற்று போய்ப் பார்த்தேன். கட்டைவிரல் தண்டி கருவண்டு ஒன்று பூவைக் கட்டிப்பிடித்து 'ம்ம்ம்' என்று அதிர்ந்துகொண்டிருந்தது. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். அதுவும் பைக்குள் பூட்டிக் கிடக்கும், நுனித் துளை வழியாகத்தான் வெளியே வரும். வண்டு உடம்பை அப்படி உதறினால்தான் தூள் கொட்டும். தேனீயால் அது முடியாது. கத்திரிப்பூவும் இதே அமைப்புதான். பக்கத்துக் காட்டுக்காரர் கத்திரி போட்டிருக்கிறார், அவருக்கும் இந்த வண்டு வேண்டும். இலையில் பச்சைப் புழு தெரிந்தால் மருந்தடிக்கச் சொல்லிவிடாதே, அதெல்லாம் பட்டாம்பூச்சி ஆகப்போகிறவை.

பொங்கல் காப்புக்கட்டுக்கு வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்க்க ஆவாரம்பூ ஒடிக்கக் கரட்டடிக்கு ஓடுவோமே, அங்கே இப்போது வரிசையாக வீடுகள். போன பொங்கலுக்குக் கடைவீதியில் காசு கொடுத்து வாங்கினேன். எனக்கு மனசே ஆறவில்லை, கலை. கிணறு வற்றின கோடையிலும் சரளை மண்ணில் சொட்டுத் தண்ணீர் கேட்காமல் வருஷக்கணக்காக நிற்கிற செடி. அதைக் களை என்று வழித்துப் போட்டுவிட்டு, நர்சரிச் செடிக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம்.

காய் பழுத்துக் காய்ந்ததும் விதை எடுத்து வைக்கிறேன். தோல் கெட்டி, அதனால் வெந்நீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். ஆடிப்பட்டத்தில் தெற்கு வேலியோரம் நேராக மண்ணிலேயே போட்டுவிடலாம். வேர் ஆழமாக இறங்குகிற செடி, பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். முதல் வருஷம் மட்டும் எப்போதாவது தண்ணீர் காட்டினால் போதும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வரப்பின் இரண்டு முனையிலும் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். டிரைவரிடம் சொல்லும்படி தம்பிக்கு இன்றைக்கே போன் போடு. பொங்கலுக்கு நீ வந்தால் காப்புக்கு உன் வரப்பிலிருந்தே ஒடித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
சாந்தி