கை நடுங்குவதற்கு நாலு வருஷம் முன்பே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பார்க்கின்சன் நோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நடுக்கம் ஏன் வருகிறது, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் போட வேண்டும், மூளைக்குள் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சை யாருக்குப் பயன்படும் என்பதெல்லாம் தெளிவாக இருந்தன. ஆனால் கடைசிப் பத்தியில், நோய் வந்ததை நினைத்துச் சிலர் மனம் தளர்வதும் உண்டு, குடும்பத்தார்தான் தைரியம் சொல்ல வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நானும் பார்க்கின்சன் நோயாளிதான். என் விஷயத்தில் முதலில் தளர்ந்தது மனம். நோய் தெரிந்தது பிறகு. நடுவில் நாலு வருஷம்.

எனக்குப் பேராவூரணிப் பக்கம். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததே, அதில் எனக்கு அறுபது தென்னை போயிற்று. அதற்கப்புறம் நான் ஒரு மாதிரி ஆகிவிட்டேன். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும், நெஞ்சு படபடக்கும், காரணம் ஒன்றும் இருக்காது. முப்பது வருஷம் தணிக்கைக்கு அஞ்சாதவன், ஆடிட்டர் வருகிறார் என்றால் கொல்லைப்பக்கம் மூன்று தடவை போய்வந்தேன். டீக்கடைக்குப் போவது நின்றது. "தென்னை போன கவலை" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் முந்நூறு மரம் பறிகொடுத்த என் பங்காளி அடுத்த வருஷமே கன்று வாங்கி நட்டுவிட்டான். நான் அறுபது குழிகூட வெட்டவில்லை.

தூக்கத்தில் கைகாலை உதறி மனைவியை அடித்ததும் அந்தக் காலத்தில்தான். கனவில் யாரோ துரத்துவார்கள், நான் திரும்பி அடிப்பேன். கண்ணைத் திறந்தால் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மலச்சிக்கல் வேறு. கூடத்தில் பலாப்பழம் அறுத்து வைத்திருந்தும் வாசனை தெரியாமல் நான் தாண்டிப் போனேன், எங்கள் பக்கத்து ஆளுக்கு இதைவிட என்ன கேடு வேண்டும்! இவ்வளவும் நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்பே தலைகாட்டக்கூடிய அறிகுறிகள் என்று இன்று தெரியும். அன்று மூக்குக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு ஒரு டாக்டர், பயத்துக்கு மந்திரித்த கயிறு.

2022 ஆடியில் சொந்தக்காரர் ஒருவரின் மொய் விருந்து. மொய் நோட்டு எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்று பெயர். முதல் வரியில் ஊரும் பெயரும் ஒழுங்காக வந்தன. தொகைக்கு வரும்போது எழுத்து சுருங்கியது. பத்தாவது பெயருக்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. பெரிதாக எழுத வேண்டும் என்று மனம் சொல்கிறது, கை கேட்கவில்லை. மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய கடன், ஐயாயிரமா ஐந்நூறா என்று தெரியாமல் போனால் ஊரில் சண்டை வரும். வீட்டுக்காரரின் தம்பி பக்கத்தில் வந்து, "அண்ணே, நீங்க போய் சாப்பிடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று பேனாவை மெதுவாக வாங்கிக்கொண்டான். நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த வருஷக் கடைசியில் வலது கட்டைவிரல் ஆட ஆரம்பித்தது. நோய்க்குப் பெயர் அதன் பிறகுதான் கிடைத்தது.

முதலில் பார்த்த மருத்துவமனையில் விரலைத் தட்டச் சொன்னார்கள், கையை மூடித் திறக்கச் சொன்னார்கள், நடந்து திரும்பச் சொன்னார்கள். மாத்திரை எழுதினார்கள். நல்ல மாத்திரைதான், கை கேட்டது. மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் இதேதான். நானாகவும் சொல்லவில்லை. கை ஆடுகிறது என்று டாக்டரிடம் சொல்லலாம். காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்று ஓர் ஆம்பளை எப்படிச் சொல்வது?

வேறோர் ஊரில் வேறொரு டாக்டர், என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்து, "முன்ன மாதிரி வீட்டுல பேசுறாராம்மா?" என்று கேட்டார். அவள் அங்கேயே அழுதுவிட்டாள். அதுவரை எனக்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த டாக்டர் விளக்கியது இதுதான். மூளையில் சுரக்கும் டோபமின் என்ற ரசாயனம் குறைவதால் கை கால் இயக்கம் கெடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஆர்வத்துக்கும் உற்சாகத்துக்கும்கூட டோபமின் வேண்டும். அதோடு, மனநிலையைத் தாங்குகிற செரட்டோனின், நார்அட்ரினலின் சுரக்கும் மூளைத்தண்டு அணுக்களும் இந்த நோயில் கெடுகின்றன. கையை ஆட்டிவைக்கும் இடத்துக்கு நோய் வருவதற்கு முன்பே அங்கே தொடங்கிவிடலாம். ஆகவே இது நோயைக் கேட்டு வந்த கவலை மட்டும் அல்ல, நோயின் ஓர் உறுப்பு. பார்க்கின்சன் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது மனச்சோர்வு இருக்கிறதாம். எனக்குக் கோபம்தான் வந்தது. இதைச் சொல்ல ஏன் இவ்வளவு நாள்?

1817-இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை முதன்முதலாக விவரித்தபோது ஆறே பேரை வைத்து எழுதினார். அதில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்று அவர் எழுதிவைத்தார். தெருவில் போகிறவரின் நடை தெரியும், விடிகாலை மூன்று மணி எப்படித் தெரியும்? இருநூறு வருஷம் கழித்தும் நாம் தெருவில் நின்றே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றால் அதற்கு அவர் பொறுப்பல்ல.

மனச்சோர்வு என்று ஒரே வார்த்தையில் அடக்குவதும் சரியில்லை. எனக்குத் தெரிந்து அது மூன்று தினுசு. ஒன்று துக்கம். அது புரியும், அழுதால் குறையும். இரண்டாவது பயம். இது கடிகாரம் பார்த்து வந்தது. ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்த்தேன். காலை எட்டு மணி மாத்திரையின் வேகம் பதினொன்றரைக்கு இறங்கும், அந்த நேரத்தில் சரியாக நெஞ்சு படபடக்கும். டாக்டர் மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்தார், பாதி பயம் போயிற்று. (நாமாக மாற்றக் கூடாது. சிலர் திடீரென்று நிறுத்திவிட்டு ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.) மூன்றாவதுதான் கொடுமை. வருத்தமே இல்லை, எதுவுமே இல்லை. பேத்தி வந்து மடியில் உட்காருவாள், எடுத்துக் கொஞ்ச வேண்டும் என்று தெரியும், கை எழாது. "கல்லு மாதிரி இருக்கீங்களே" என்பாள் மனைவி.

முகமும் ஒத்துழைப்பதில்லை. முகத்தசைகள் இறுகி, கண் சிமிட்டல்கூடக் குறைந்துவிடுகிறது. உள்ளே சிரித்தாலும் வெளியே முறைக்கிற மாதிரி இருக்கும். மூத்த மகள் வீட்டு விசேஷத்தில் சம்பந்தி என்னை வாசலில் வரவேற்றார், நான் சந்தோஷமாகத்தான் கும்பிட்டேன். மறுநாள் மகள் போன் செய்து, "அப்பா, மாமாவுக்கு உங்க மேல வருத்தம். ஏன் உர்ருன்னு இருந்தீங்க?" என்றாள். குரலும் தணிந்துபோனதால் விளக்கம் சொல்லியும் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

மாத்திரையைப் பற்றியும் ஒன்று. காத்திருக்கும் இடத்தில் பழக்கமான ஒருவர், புது மாத்திரை தொடங்கிய சில மாதத்தில் ஆன்லைன் ரம்மியில் பெருந்தொகையை விட்டிருக்கிறார். அதற்கு முன் சீட்டைத் தொடாத மனிதர். ப்ராமிபெக்சோல், ரோபினிரோல் வகை மாத்திரைகளால் சிலருக்குச் சூதாட்டம், கண்டதை வாங்கிக் குவிப்பது, அடங்காத காம இச்சை போன்றவை வரும் என்பது மருத்துவத்தில் நன்கு தெரிந்த விஷயம். மருந்து தரும்போதே குடும்பத்திடம் சொல்லியிருந்தால் அவர் வீட்டில் அவரைத் திருடன் போலப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உறவுக்காரர்கள் வாரத்துக்கு இரண்டு தடவை வாட்ஸ்அப்பில் பூனைக்காலி விதை பற்றி அனுப்புகிறார்கள். மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிற லெவோடோபா அதில் இருப்பது உண்மைதான். 1937-இலேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அது இந்த நோய்க்கு மருந்தாகிறது என்று உலகம் அறிந்தது 1960-களில்தான். ஏற்கெனவே அதே சரக்கு மாத்திரையாக உள்ளே போகும்போது டாக்டருக்குத் தெரியாமல் பொடியையும் சேர்த்தால் அளவு தப்பும். அது கிடக்கட்டும். கைக்கு நூறு வைத்தியம் சொன்னவர்களில் ஒருவர்கூட "மனசு எப்படி இருக்கு" என்று கேட்டதில்லை.

இப்போது மனச்சோர்வுக்கென்று ஒரு சின்ன மாத்திரை எடுக்கிறேன். காலையில் வாய்க்கால் கரையில் மனைவியோடு முக்கால் மணி நேரம் நடக்கிறேன். நாலு கோடு நோட்டு வாங்கி எழுதிப் பழகுகிறேன். கோடு இருந்தால் எழுத்து சுருங்குவது குறைகிறது. கடைக்காரர் "பேத்திக்கா சார்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தென்னங்கன்று பதினெட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை இந்த நோய் பற்றி எழுதும்போது அந்தக் கடைசி வரியை முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள். நரம்பியல் டாக்டர்கள் விரலைத் தட்டச் சொல்கிற நேரத்தில் தூக்கம், பயம், ஆர்வம் என்று மூன்று கேள்வி சேர்த்துக் கேட்கட்டும், அதில் ஒன்றை நோயாளியோடு வந்தவரிடம் கேட்கட்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயும் கட்டுரையின் கீழே போடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். இளைய மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த நோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்று பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லலாம்தான். ஆனால் பார்க்கின்சன் என்றால் "ஐயோ பாவம்" என்பார்கள், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்தால் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்கிறாள் என் மனைவி. அவளோடு வாதாட என்னிடம் பதில் இல்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பேராவூரணி வட்டம்.