சித்தப்பா, மிச்சப் படத்தையும் பாக்க வாங்கோ

அன்புள்ள சித்தப்பா,

போன சனிக்கிழமை நாய்க்கூட்டுக் காட்சியோடை எழும்பி விறாந்தைக்குப் போயிட்டியள். "ஒருத்தன் செத்தா மற்றவன் அழுறானில்லை, இதென்ன மரக்கட்டைப் படம்" எண்டு சொல்லித் தேத்தண்ணி கேட்டியள்.

ஜோன் காப்பென்ரரின் 'தி திங்' வந்தது 1982 யூன் 25. அதுக்கு ரெண்டு கிழமைக்கு முந்தித்தான் அன்பான வேற்றுக்கிரகவாசி வாற 'ஈ.ரி.' படம் வந்து உலகத்தையே அழ வைச்சது. அப்பத்தைய விமர்சகர்கள் கனபேரும் உங்கடை கட்சிதான். அதிலை கொஞ்சம் நியாயமும் இருக்கு: அந்தாட்டிக் முகாமிலை இருக்கிற பன்னிரண்டு பேரிலை பாதிப்பேரை எனக்கு இப்பவும் மாறுப்படும்.

ஆனா நீங்கள் இரத்தச் சோதனையைப் பாக்கேல்லை. முகாமுக்குள்ளை புகுந்த வேற்றுக்கிரகச் சீவன் ஆரைப் போலவும் உருவெடுக்கும். அதின்ரை ஒவ்வொரு துளி இரத்தமும் தனி உயிர், சூடு பட்டாத் தப்பி ஓடப் பாக்கும். அதாலை கதாநாயகன் மக்ரெடி எல்லாரையும் கட்டி இருத்தி, காய்ச்சின கம்பியை ஒவ்வொருத்தரின்ரை இரத்தத்திலும் வைக்கிறான். கொஞ்சம் முந்தித் தன்னைக் குத்த வந்த கிளார்க்கைச் சுட்டவன். கிளார்க்கின்ரை இரத்தம் அசையேல்லை, அவன் மனிசன்தான். அப்ப நீ கொலைகாரன் எண்டு கட்டுண்டு இருக்கிற சைல்ட்ஸ் சொல்லுறான். மக்ரெடி மறுமொழி சொல்லேல்லை, அடுத்த ஆளின்ரை இரத்தத்துக்குப் போறான்.

எனக்கு உங்கடை ஞாபகம் வந்தது. ஆமிச் சுற்றிவளைப்பிலை கோயில் வீதியிலை வரிசையா விட்டு, தலையாட்டி ஆக்களைக் காட்டிக்குடுக்கிற, சாக்கு மூடின தலையாட்டிக்கு முன்னாலை உங்களை நடக்க விட்ட கதை. "ஒண்டுமே செய்யாத எனக்கே அப்ப என்னிலை சந்தேகம் வந்திட்டுது" எண்டனீங்கள். பின்னாலை வந்தவருக்குத் தலை ஆடினதையும் அரிசி விலை சொல்லுற குரலிலைதான் சொன்னியள். சித்தி அழுதா. நீங்கள் வெத்திலை மடிச்சுக்கொண்டிருந்தியள்.

அந்தக் குரல்தான் சித்தப்பா இந்தப் படத்துக்கும்.

கடைசியிலை முகாம் எரிய, ரெண்டு பேர் பனியிலை இருந்து ஒரே போத்தலிலை குடிக்கினம். மற்றவன் மனிசனோ எண்டு ரெண்டு பேருக்கும் தெரியாது. மொறிக்கோனியின்ரை இசை நெஞ்சடிக்கிற மாதிரித் திரும்பத் துவங்கும். அதை உங்களோடை இருந்து பாக்கோணும் எண்டு ஆசை.

நாய்க் காட்சியை ஓட விட்டுத் தாண்டுறன். உங்களை எழுப்பின அந்த உருப்படி கையிலை மாட்டி ஆட்டின பொம்மைதான், கொம்பியூட்டர் வேலை இல்லை. ஞாயிறு பின்னேரம் வாங்கோ. சித்தி கோயிலுக்குப் போற நேரம்.

உங்கள் பெறாமகன்