மூவரில் ஒருவர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் சரோஜாவைக் கூப்பிட்டு முழுக் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். தாயும் சேயும் நலமாக வீடு வந்தது பெரிய நிம்மதி. பெயர் வைத்தாயிற்றா? இங்கே எல்லோரும் நலம். சின்னவன் வேலை மாறி ஓசூருக்குப் போய்விட்டான். சாரல் இந்த வருஷம் நன்றாகவே இருக்கிறது. என் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, பேப்பரை எப்போதும் போல முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

சரி, உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். “எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருவருக்குக் கேபினட் அமைச்சருக்குச் சமமான அந்தஸ்தும் சம்பளமும் பங்களாவும் எதற்கு? கூச்சல் போட்டு வெளிநடப்புச் செய்வதற்கா?” என்று கேட்டிருக்கிறாய். கோபத்தில் எழுதியிருக்கிறாய் என்று தெரிகிறது. டிவியில் அவை நடவடிக்கையைப் பார்க்கிற யாருக்கும் அந்தக் கோபம் வரும். ஆனால் நீ பார்ப்பது அந்தப் பதவியின் ஒரு பாதிதான். எனக்குப் பெரிதாகப் படுகிற மறுபாதி, கேமரா இல்லாத சின்ன அறைகளில் நடக்கிறது. அதற்கு ஒரு நல்ல உதாரணம் 2010-இல் நடந்தது. உனக்கும் ஞாபகம் இருக்கலாம்.

அந்த வருஷம் செப்டம்பர் 3-ஆம் தேதி, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையரைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர் கூடினார்கள். பிரதமர் மன்மோகன் சிங், உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம், மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா ஸ்வராஜ். இந்த மூவர் குழு 2003-ஆம் வருஷச் சட்டத்தில் சொல்லப்பட்டது. மேசையில் மூன்று அதிகாரிகளின் பெயர்கள். அரசு தேர்ந்தெடுத்தது பி.ஜே.தாமஸை. அவர் கேரளப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி, அப்போது தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர். கேரளத்தில் 1990-களின் தொடக்கத்தில் பாமாயில் இறக்குமதி செய்ததில் ஒரு வழக்கு இருந்ததே, அப்போது உணவுத் துறைச் செயலாளராக இருந்த அவருடைய பெயரும் அந்தக் குற்றப்பத்திரிகையில் இருந்தது. சுஷ்மா அதைச் சுட்டிக்காட்டி, மற்ற இருவரில் ஒருவரை எடுத்துக்கொள்ளலாமே என்றார். பிரதமரும் உள்துறை அமைச்சரும் இணங்கவில்லை. இரண்டுக்கு ஒன்று. தனக்கு உடன்பாடில்லை என்று பதிவு செய்துவிட்டு அவர் எழுந்து வந்தார். சில நாட்களில் தாமஸ் பதவியேற்றும்விட்டார்.

அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு எதிர்க்கட்சித் தலைவர் தோற்றுப்போனார் என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் அந்த மறுப்பு கோப்பில் ஏறிவிட்டது. நியமனத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோவும் ஒருவர். வழக்கு நடக்கும்போது இன்னொன்று தெரியவந்தது. 2000-க்கும் 2004-க்கும் இடையில் மத்திய பணியாளர் துறையிலேயே தாமஸ் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன. அந்தக் குறிப்புகள் மூவர் குழுவின் முன்னால் வைக்கப்படவே இல்லை. 2011 மார்ச் 3-ஆம் தேதி தலைமை நீதிபதி கபாடியா தலைமையிலான அமர்வு நியமனத்தை ரத்து செய்தது.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு விஷயம். தாமஸ் தனிப்பட்ட முறையில் நேர்மையானவரா இல்லையா என்பதற்குள் நீதிமன்றம் போகவில்லை. அந்த நிறுவனத்தின் நேர்மைக்கு இந்த நியமனம் பொருந்துமா என்று குழு பார்த்ததா, பார்ப்பதற்கு வேண்டிய காகிதங்கள் குழுவிடம் இருந்தனவா என்று மட்டும் கேட்டது. இரண்டாவது, மூவரும் ஒருமித்தே முடிவெடுக்க வேண்டும் என்று வாதிட்டவர்களுக்கு அது இணங்கவில்லை. அப்படிச் செய்தால் ஒரே ஆளின் கையில் தடுப்பதிகாரம் போய்விடும் என்றது. அதற்குப் பதிலாக ஒரு வழி சொன்னது: மறுக்கிறவர் ஏன் மறுக்கிறேன் என்று காரணம் எழுத வேண்டும்; பெரும்பான்மையினர் அதைத் தள்ளினால் ஏன் தள்ளுகிறோம் என்று அவர்களும் காரணம் எழுத வேண்டும். எவ்வளவு நியாயமான ஏற்பாடு பார். ஆட்சியில் இருப்பவர் முடிவெடுக்கலாம், ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கிறவருக்குப் பதில் சொல்லாமல் எடுக்க முடியாது.

அதே மாதம் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில், முடிவில் பிழை நேர்ந்தது, பொறுப்பு என்னுடையது என்று ஏற்றுக்கொண்டார். சுஷ்மாவும் பிரதமரின் விளக்கம் போதும், இதோடு முடித்துக்கொண்டு மேலே போவோம் என்றார். அந்த இரண்டு பேர் மேலும் எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான். இன்றைக்கு அப்படி ஒரு பரிமாற்றம் நடக்குமா என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது.

கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இது இன்னும் நன்றாகப் புரிகிறது. வாயால் சொல்கிற ஆட்சேபத்துக்கு ஆயுசு அன்று சாயங்காலம் வரைக்கும்தான். ஒரு சங்கத்தில் உர இருப்பைச் சரிபார்க்கும்போது பதிவேட்டில் இருக்கிற மூட்டை கிடங்கில் இல்லை. காபி வாங்கிக் கொடுத்து, “எழுதாதீங்க சார், அடுத்த வாரம் சரிபண்ணிடறோம்” என்றார்கள். நான் பக்க எண்ணும் தேதியும் போட்டுத் தணிக்கைத் தடை எழுதிவிட்டு வந்தேன். செயலாளர்களும் தலைவர்களும் மாறிப் போன பிறகு, அந்த ஒரு பத்தியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் வசூலானது. எழுதி வைத்த மறுப்பு எழுதினவன் போன பிறகும் வேலை செய்யும்.

இப்போது உன் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். சம்பளமும் அந்தஸ்தும் 1977-ஆம் வருஷச் சட்டத்தில் வந்தவை. நெருக்கடி நிலை முடிந்த கையோடு, ஜனதா அரசு இருக்கும்போது போட்ட சட்டம் அது. எதிர்க்கட்சித் தலைவர்களைச் சிறையில் பார்த்துவிட்டு வந்தவர்கள், தங்களுக்கு எதிரே உட்கார்ந்த காங்கிரஸ் தலைவருக்கு அந்த இடத்தைச் சட்டத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். பிரிட்டனில் இதை 1937-லேயே செய்துவிட்டார்கள். அரசாங்கத்தைக் கேள்வி கேட்க ஆள் வைத்து, அந்த ஆளுக்கு அரசாங்கக் கஜானாவிலிருந்தே சம்பளம் கொடுப்பது வீண்செலவு என்று எனக்குத் தோன்றவில்லை. தணிக்கைக்காரனுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

ஆனால் அந்த நாற்காலி பல காலம் காலியாகவே கிடந்திருக்கிறது. முதல் அங்கீகரிக்கப்பட்ட மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் ராம் சுபக் சிங் வந்தது 1969-இல், காங்கிரஸ் உடைந்த பிறகு. 1980 முதல் 1989 வரை யாரும் இல்லை. 2014 முதல் 2024 வரையும் இல்லை. காரணம் பத்தில் ஒரு பங்கு என்கிற கணக்கு. 543 பேர் அவையில் குறைந்தது 55 பேர் வேண்டும் என்பது சபாநாயகர்கள் பின்பற்றி வருகிற வழக்கம். 1977 சட்டத்தில் இந்தக் கணக்கு இல்லை. எதிர்வரிசையில் அதிக எண்ணிக்கை உள்ள கட்சியின் தலைவர், சபாநாயகர் அங்கீகரித்தவர் என்றுதான் இருக்கிறது. காங்கிரஸுக்கு 2014-இல் 44, 2019-இல் 52. 2024-இல் 99 வந்த பிறகுதான் ராகுல் காந்தி அந்த இடத்தில் உட்கார்ந்தார். அவரைப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு பேச்சு. பத்து வருஷம் காலியாகக் கிடந்த இடம் நிரம்பியது எனக்கு நிறைவாக இருந்தது.

காலியாகக் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஊழல் புகார்களை விசாரிக்கிற லோக்பால் அமைப்பு சாட்சி. 2013 சட்டப்படி தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லை என்று பல காலம் இழுத்தது. தனிப்பெரும் எதிர்க்கட்சியின் தலைவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஊழல் கண்காணிப்புச் சட்டத்தில் இருக்கிற விளக்கம் இதில் இல்லை. கடைசியில் மக்களவையில் காங்கிரஸ் தலைவராக இருந்த கார்கேயைச் ‘சிறப்பு அழைப்பாளர்’ என்று கூப்பிட்டார்கள். கருத்தைப் பதிவு செய்யவும் வாக்களிக்கவும் உரிமை இல்லாமல் வந்து உட்கார மாட்டேன் என்று அவர் போகவில்லை. 2019-இல் அவர் இல்லாமலேயே முதல் லோக்பால் வந்தார். இதில் என் மனசு இரண்டுபட்டுத்தான் இருக்கிறது. அவர் கேட்டது நியாயம். ஆனாலும் போய் உட்கார்ந்து, பதிவு செய்ய மறுக்கிறார்கள் என்பதையாவது ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று எனக்குள் இருக்கிற தணிக்கைக்காரன் சொல்கிறான்.

அப்புறம் தேர்தல் ஆணையர் விஷயம். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சட்டம் வரும்வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும் என்றது. அதே வருஷம் டிசம்பரில் வந்த சட்டத்தில் தலைமை நீதிபதி இருந்த இடத்துக்கு ஒரு மத்திய அமைச்சர் வந்தார். ஆக முடிவு எப்போதும் இரண்டுக்கு ஒன்று. 2024 மார்ச்சில் நடந்த முதல் கூட்டத்தைப் பற்றி, தனிப்பெரும் எதிர்க்கட்சியான காங்கிரஸின் மக்களவைத் தலைவர் என்ற முறையில் அதில் உட்கார்ந்த அதீர் ரஞ்சன் சௌத்ரி வெளியே வந்து சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை: முந்தைய இரவு 212 பெயர்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்தார்கள், கூட்டத்துக்குச் சற்று முன்னால் ஆறு பெயர்களைக் கொடுத்தார்கள் என்றார். ஒரே ராத்திரியில் 212 பேரின் பணிப் பதிவேட்டை யாரால் படிக்க முடியும்? படிக்க நேரம் கொடுக்காவிட்டால், காரணத்தோடு மறுக்கிற உரிமை வெறும் சடங்காகிவிடும். 2010-இல் காகிதத்தை மறைத்தார்கள், 2024-இல் நேரத்தைக் குறைத்தார்கள். கட்சி மாறியது, பழக்கம் மாறவில்லை.

நீ இன்னொன்று சொல்வாய் என்று தெரியும்: முந்த்ரா விவகாரத்தைக் கிளப்பினது ஆளுங்கட்சியின் பெரோஸ் காந்திதானே, 1957-இல் எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருவர்கூட இல்லையே என்று. உண்மை. எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளுக்குப் போனதை அவர் அவையில் கேட்டார், நீதிபதி சாக்ளா விசாரித்தார், நம் டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியை விட்டார். ஆனால் தன் கட்சி அமைச்சரையே கேட்கிற ஒருவர் எப்போதும் கிடைப்பார் என்று நம்பி அரசியல் நடத்த முடியுமா? அதுவும் 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகும். கேள்வி கேட்பது ஒருவரின் கடமை என்று ஆக்கி வைத்தால்தான் கேள்வி தவறாமல் வரும்.

இலங்கையில் இதன் தலைகீழ் நடந்தது. 1977-இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் அங்கே எதிர்க்கட்சித் தலைவரானார். 1981 ஜூலையில் ஆளுங்கட்சியினர் அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். எதிர்க்கட்சித் தலைவர் அரசின் நம்பிக்கையில் உட்கார்ந்திருப்பவரா என்ன? அந்தப் பதவி எதற்கு என்பதையே மறந்துவிட்ட பெரும்பான்மை எந்தத் திசையில் போகும் என்பதற்கு, 1983 கலவரம் வரையிலான அடுத்த இரண்டு வருஷமே சாட்சி.

அரசின் செலவுக் கணக்கை ஆராய்கிற நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. 1967-இல் சுதந்திராக் கட்சியின் மசானியிலிருந்து எதிர்க்கட்சிக்காரரே அதற்குத் தலைவர் என்பது மட்டும் இப்போதைக்குப் போதும்.

கூச்சலைப் பற்றி நீ சொன்னதில் பாதிக்கு நானும் உடன்படுகிறேன். அவையை நாள்கணக்கில் முடக்கினால் கேள்வி நேரம் போகிறது. கேள்வி நேரம் போனால் தப்பிப்பது அமைச்சர்தான். சுஷ்மா கட்சியும் அன்று அதைச் செய்தது, இன்று எதிரே இருப்பவர்களும் செய்கிறார்கள். ஆனால் மறுபக்கத்தையும் பார். 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேரை இடைநீக்கம் செய்துவிட்டு, மூன்று புதிய குற்றவியல் சட்டங்களை நிறைவேற்றினார்கள். நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை நீடிக்கப்போகிற சட்டங்கள் அவை. ஒவ்வொரு பிரிவையும் எடுத்து வைத்து எதிர்வரிசை கேட்டிருக்க வேண்டிய நாட்களில் அங்கே பலர் இல்லை.

தை மாதம் மைத்துனர் மகள் கல்யாணத்துக்குக் கோவை வருகிறோம். இரண்டு நாள் உன் வீட்டில்தான். தாமஸ் வழக்குத் தீர்ப்பைப் பேரனிடம் சொல்லி அச்செடுத்து வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன். கடைசியில் குழுவுக்குச் சொன்ன வழிமுறைகளை மட்டுமாவது படித்துப் பார், அப்புறம் பேசுவோம். குழந்தையின் பெயரை மறக்காமல் எழுது, சரோஜா தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
கதிரேசன்