ஒஸ்லோவிலிருந்து அம்மாவுக்கு

ஒஸ்லோ,
யூன் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். வற்றாப்பளைப் பொங்கல் நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி சொன்னாள். இங்கே இரவு பத்து மணியாகியும் வெளிச்சம் போகவில்லை. விளக்குப் போடாமலே எழுதுகிறேன்.

எப்படியான ஊர் என்று கேட்டிருந்தீர்கள். சமாதானம் பேசவென்று கிளிநொச்சிக்கு வந்துபோனார்களே நோர்வேக்காரர், அவர்களுடைய தலைநகரம். கடல் இருக்கிறது, ஆனால் முல்லைத்தீவுக் கடல் போல இரைவதில்லை. தரைக்குள் நீளமாகப் புகுந்து, நந்திக்கடல் மாதிரி அடங்கிக் கிடக்கிறது.

கரையில் 2008இல் திறந்த ஒபரா மாளிகை. உள்ளே பாட்டுக் கேட்கும் டிக்கெட் எனக்குக் கட்டாது. கூரையில் ஏறக் காசு கொடுக்கத் தேவையில்லை. வெள்ளைச் சலவைக்கல் கூரை சரிந்து வந்து தண்ணீரில் முடிகிறது. வேலை முடிந்ததும் அங்கே போய்க் குந்திவிடுவேன். முத்தையன்கட்டுக் குளக்கட்டில் பின்னேரங்களில் சனம் இருக்குமே, அதே இருப்புத்தான். மாசியில் அந்தக் கூரையில் வழுக்கி விழுந்து முழங்கை இரண்டு கிழமை வீங்கியிருந்தது. அப்போது உங்களுக்குச் சொல்லவில்லை.

அங்கிருந்து பார்த்தால் ஆக்கர்ஷுஸ் கோட்டை தெரியும். எழுநூறு வருடப் பழசு. 1624இல் இந்த ஊர் மூன்று நாள் எரிந்ததாம். எல்லாம் மரவீடுகள். அப்போது நோர்வேயையும் ஆண்ட டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்தியான், எரிந்த இடத்தில் மீண்டும் கட்டவிடாமல் சனத்தைக் கோட்டையடிக்கு எழுப்பிவிட்டான். புது நகரத்துக்குத் தன் பெயரையே வைத்து ‘கிறிஸ்தியானியா’ என்றான். நகரத்துக்கு வெளியே, பழைய இடத்தில் இருந்த குடியிருப்புக்கு மட்டும் ‘ஒஸ்லோ’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. 300 வருடம் கழித்து, 1925இல், முழு நகரமும் அந்தப் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

வாசித்தபோது பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. மெனிக்பாம் அகதி முகாமில் தறப்பாளுக்குள் இருந்துகொண்டும், எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் “முள்ளியவளை” என்றுதானே சொன்னார்.

துறைமுகத்தைப் பார்த்தபடி இரண்டு கோபுரங்களுடன் நகர மண்டபம் நிற்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 10ஆம் திகதியும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கொடுப்பது அங்கேதான். உள்ளே போய்ப் பார்த்தேன். என்ன நினைத்தேன் என்பதை நேரில் சொல்கிறேன்.

பஸ் டிக்கெட்டிலேயே படகேறிச் சிறு தீவுகளுக்கும் போகலாம். நீங்கள் வந்தால் முதலில் அங்கேதான்.

வருபவர்களிடம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். கருவாடு வேண்டாம், போன முறை மாடி முழுவதும் மணந்து, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

அன்பு மகன்