எந்த மழைக்காலம் ஐயா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மலை சைக்கிள் டயர் கட்டுரையில், "மழைக்காலம் என்றால் அகலமான டயரைப் போட்டால் போதும், வழுக்காது" என்று ஒரு வரி. எழுதியவர் எந்த மழையில் நனைந்தாரோ! நாங்கள் போடிமெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குள் ஓட்டுகிறவர்கள். ஜூலையில், கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் உழுதுபோட்ட மண்பாதையில் 2.4 இஞ்ச் டயரை விட்டுப் பாருங்கள். டயரின் மேல் புடைத்திருக்கும் ரப்பர் பட்டன்களுக்கு நடுவே சேறு அப்பி, டயர் மொழுக்கென்று ஆகிவிடும். அப்புறம் ஃபிரேமில் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. குச்சியால் நோண்டி நோண்டித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். சேற்றுக்கு வேண்டியது உயரமான, தள்ளித் தள்ளி அமைந்த பட்டன். சுற்றும்போது சேறு தானே தெறித்துவிடும். அகலம் கொஞ்சம் குறைவாக இருப்பதே நல்லது.

அதுவும் எந்த மழைக்காலம்? ஜூனில் மெட்டுக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, கீழே போடியில் காற்றும் புழுதியும்தான், எப்போதாவது சாரல். எங்களுக்கு மழை ஐப்பசியில். காலையில் கீழே காய்ந்த கல்லிலும் கொஞ்ச நேரத்தில் மெட்டுக்கு மேலே சேற்றிலும் அதே டயரோடுதான் போகிறோம். அதனால்தான் முன்சக்கரத்துக்கு உயரப் பட்டன், பின்சக்கரத்துக்கு நெருக்கப் பட்டன் என்று வைத்திருக்கிறேன். தாங்கள் அறியாததா? ஆனால் தங்கள் பத்திரிகைக்குத் தமிழ்நாடு தாம்பரத்தோடு முடிந்துவிடுகிறது. முன்பு பூப்பாறையைத் தேனி மாவட்டத்தில் சேர்த்து எழுதினீர்கள். திருத்தம் கேட்டதற்கு 'இடமின்மை' என்று பதில் வந்தது. அதே இதழில் நகைக்கடை விளம்பரத்துக்கு இரண்டு பக்கம் இருந்தது. சரி, போகட்டும்.

டயருக்கு அடிக்கும் காற்றைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது உச்ச அளவு. பஞ்சர் கடைக்காரர் அதைப் பார்த்துக் கல்லு மாதிரி அடித்துவிடுகிறார். ஈரப் பாறையில் வண்டி நிற்பதில்லை. மழைக்குக் காற்றைக் கொஞ்சம் இறக்க வேண்டும். ட்யூப் டயரில் ஒரேயடியாக இறக்கினால் ரிம் கல்லில் இடித்து ட்யூப் பொத்துக்கொள்ளும். வாசகருக்கு இதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்?

அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்காவது திருத்தம் போடுங்கள். இன்னொன்று, கட்டுரையோடு வந்த படத்தில் முன்டயர் திருப்பி மாட்டியிருக்கிறது. சுற்றும் திசைக்கு டயரிலேயே அம்புக்குறி இருக்கும். படம் எடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
போடிநாயக்கனூர்.