கார்கில் அறிக்கையில் மறைத்த பகுதிகளைத் திறந்துவிடுங்கள்

மதிப்புக்குரிய பாதுகாப்பு அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். திருச்சிக்காரன் எழுதுகிறேன். 1999 கார்கில் போரை விசாரித்த குழுவின் அறிக்கையில் நீக்கிய பகுதிகளை வெளியிடச் சொல்லிக் கேட்கத்தான் இந்தக் கடிதம். எங்கள் ஊர் கன்டோன்மென்ட்டில் மேஜர் சரவணனுக்கு நினைவிடம் இருக்கிறது. பட்டாலிக் மலையில் 1999 மே 29 அன்று உயிர்விட்டவர். அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை பனியிலேயே கிடந்தது.

போன வருஷம் கார்கில் பக்கத்து திராஸ் போயிருந்தேன். ரோட்டில் நின்று தோலோலிங் சிகரத்தை அண்ணாந்து பார்த்தேன். சரிவில் ஒரு புதர்கூட இல்லை. ஒரு பாறையை விட்டால் ஒளிய அடுத்த பாறைதான். மேலே இருக்கிறவன் கல்லை உருட்டிவிட்டாலே போதும். அதில் இரவில் ஏறினார்கள் நம் பிள்ளைகள். ஜூன் 13-ல் தோலோலிங், ஜூலை 4-ல் டைகர் ஹில் என்று ஒவ்வொரு சிகரமாக மீட்டு முடிப்பதற்குள் 527 பேரை இழந்தோம்.

அந்தப் பாறைகளைப் பார்த்ததிலிருந்து ஒரே கேள்விதான். குளிர்காலத்தில் நாம் காலி செய்துவிட்டு இறங்கிய காவல் நிலைகளில் எதிரி வந்து உட்கார்ந்தது எப்படித் தெரியாமல் போனது? காணாமல் போன யாக்கைத் தேடிப் போன தாஷி நம்கியால் என்ற மேய்ப்பர் மே 3-ல் பார்த்துச் சொன்ன பிறகும், ஊடுருவியவர்கள் ஏதோ சில தீவிரவாதிகள் என்றே முதலில் கணக்குப் போட்டோம். மேலே இருந்தது பாகிஸ்தானின் நார்தர்ன் லைட் இன்ஃபான்ட்ரி என்ற ராணுவப் படைப்பிரிவு. அந்தத் தப்புக் கணக்குக்கான விலையை முதலில் ஏறியவர்கள்தான் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் விசாரித்த குழுவின் தலைவர் கே. சுப்ரமணியமும் திருச்சியில் பிறந்தவர்தான். போர் முடிந்த மூன்றாம் நாளே குழு அமைத்தீர்கள், 2000 பிப்ரவரியில் அறிக்கையை நாடாளுமன்றத்திலும் வைத்தீர்கள். நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பாதுகாப்பைக் காரணம் காட்டி நீக்கிய பகுதிகள் இன்னும் பொதுமக்கள் கைக்கு வரவில்லை.

சரி, உளவு சொன்னவர்களின் பெயர், இன்றும் பயன்படும் ரகசியம் என்றால் மறைத்தே வையுங்கள். நான் கேட்பது மீதியை. எந்தத் தகவல் எந்த மேஜையில் தேங்கியது, போதிய குளிர் உடுப்பு இல்லாமல் ஏன் ஏற்றினோம் என்பது எதிரிக்கு எந்த வகையில் உதவும்?

கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. அன்று மலையேறித் திரும்பியவர்களுக்கும் தலை நரைத்துவிட்டது. ஒரு அதிகாரியை உட்கார வைத்து, நீக்கிய ஒவ்வொரு வரியையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கார்கில் வெற்றி நாளான வரும் ஜூலை 26-க்குள் முடியாவிட்டால், எப்போது முடியும் என்று ஒரு தேதியாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு குடிமகன்