இலக்கம் மட்டும் எழுதியிருந்த அந்த இரத்தப் பைக்கு

திருகோணமலை உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

அம்மா வீடு வந்துவிட்டார். நேற்று வாசல் துளசிக்குத் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினார். பார்த்த கையோடு இதை எழுதுகிறேன்.

மூன்று கிழமையாக மாலையானால் காய்ச்சல், இரவில் வேர்வை. வெளியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், இரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் 62,000க்குக் குறைந்திருந்தது. மழைக்காலம், டெங்கு என்றார்கள். நாங்களும் நம்பினோம். டெங்குக் காய்ச்சல் மூன்று கிழமைக்கு இழுக்காது என்று அப்போது யாருக்குத் தெரியும்!

பெரியாஸ்பத்திரியில் ஒரு இளம் வைத்தியர் அம்மாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே ஊசி குத்தினது போலச் சிவப்புப் புள்ளிகள். நகத்தடியில் சிராய் ஏறின மாதிரிக் கறுப்புக் கோடுகள். "சின்ன வயசில மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததாம்மா?" என்று கேட்டார். வந்ததுதான். அந்த வாதக்காய்ச்சல் அன்றே இதய வால்வைப் பழுதாக்கியிருக்கிறது. சொத்தைப்பல் வழியாக இரத்தத்தில் கலந்த கிருமி அதில் குடியேறிவிட்டதாம். வீட்டில் யாருக்காவது இதய வால்வு பழுதென்றால் தயவுசெய்து பல் வைத்தியரிடம் அதை முதலே சொல்லுங்கள்.

டொக்டர், நாங்கள் "மருந்தை ஏத்துங்கோ" என்று அழுதபோதும் நீங்கள் முதலில் மூன்று முறை இரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்க அனுப்பினீர்கள். மருந்து முந்தியிருந்தால் கிருமி பிடிபடாமல் போயிருக்கலாம். அந்த நிதானத்துக்கு என் முதல் நன்றி.

பிளேட்லெட் எங்கே போகிறது என்பதையும் நீங்கள்தான் விளங்கப்படுத்தினீர்கள். வால்வில் வளர்ந்த கிருமிக் கட்டியிலேயே போய் அப்பிக்கொள்கிறது, வீங்கின மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் கட்டியில் ஒரு துணுக்குக் கழன்று மூளைக்குப் போனால் பக்கவாதம். கதைக்கும்போது அம்மாவின் வாய் கோணுகிறதா என்று தங்கச்சி இரவிரவாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாலு மணித்தியாலத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி, நாலு கிழமை. விடியப்புறம் இரண்டு மணிக்கும் நரம்பைத் தடவித் தேடி, "அம்மா, கொஞ்சம்தான்" என்று சொல்லிச் சொல்லி ஏற்றின தாதி மிஸ்மாரே, உங்கள் குரலை அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

நீண்ட காய்ச்சலில் இரத்தம் ஊறுவதும் குறைந்து, ஹீமோகுளோபின் 6.4க்கு இறங்கியது. இரண்டு பை ஏற்றினார்கள். பையில் பெயர் இல்லை. இலக்கம், இரத்த வகை, திகதி மட்டும். கிண்ணியாவோ, மூதூரோ, சேருவிலவோ, எங்கள் உவர்மலையோ, எந்த முகாமில் கை நீட்டினீர்களோ தெரியாது. காசு வாங்காமல் தந்த இரத்தம் அது. கோணேசர் கோவிலில் அர்ச்சனை வைக்கப் போன அம்மா, பெயர் கேட்ட ஐயரிடம் "ரத்தம் தந்த ரெண்டு பிள்ளையள்" என்றார்.

நன்றியுடன்,
மூத்த மகள்,
உவர்மலை, திருகோணமலை